வாயில் போடாத மாத்திரை

தொழிற்சாலையில் அவரைச் சல்லடை என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரைக்கான பொடியைச் சலிப்பது அவர் வேலை, அதனால் வந்த பெயர். ஆள் அதிகம் பேச மாட்டார். "பேருதான் சல்லடை, உள்ள போன எதுவும் வெளிய வராது" என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார்.

நாற்பத்து மூன்று வயது, ஒல்லியான தேகம். பதினோரு வருஷம் அந்த மருந்துத் தொழிற்சாலையின் பெரிய கூடத்தில் காய்ச்சல் மாத்திரையும் வலி மாத்திரையும் செய்தவர். மருந்துத் தூளை மாவோடு கலந்து, பசை விட்டுப் பிசைந்து, உலர்த்திச் சலித்துக் குருணையாக்க வேண்டும். அந்தக் குருணைதான் அச்சு இயந்திரத்துக்குள் போய் மாத்திரையாக விழும். ஈரம் கொஞ்சம் கூடினால் அச்சில் ஒட்டும், குறைந்தால் விளிம்பு உதிரும். அவர் ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் ஒழுக விட்டுப் பார்ப்பார். "இன்னும் பத்து நிமிஷம் காயட்டும்" என்பார். அளக்கும் கருவி வைத்துப் பார்த்தாலும் அதுதான் சரியாக இருக்கும்.

ஆனால் அவர் மாத்திரை விழுங்க மாட்டார். சின்ன வயதில் ஒரு முறை தொண்டையில் சிக்கிக்கொண்டதோடு சரி. தலைவலி வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். "ஒரு நாளைக்கு லட்சம் மாத்திரை பண்றாரு, ஒண்ணை முழுங்கத் தெரியாது" என்று அவர் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன் மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துத் தருபவள். வாயைத் திறக்கப் பயப்படும் ஆட்களைத் தினமும் பார்ப்பதால் புருஷனின் பயம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் சூப்பர்வைசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். தொழிற்சாலையின் பின்பக்கம் ஒரு சின்னக் கட்டடம் உண்டு. பெண்களுக்கான மாத்திரைகள் அங்கேதான் தயாராகும். கருத்தடை மாத்திரை, மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும் மாத்திரை என்று எல்லாமே செயற்கையாகச் செய்த ஹார்மோன். பொடி அறையில் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட்டார்.

"சொந்தமா கடை வைக்கப் போறாராம். எனக்கு அந்த இடத்துக்கு நம்பகமான கை வேணும்ணே. மருந்து ரொம்பக் கம்மி அளவு, கொஞ்சம் பிசகினாலும் மொத்தமும் வீண்" என்றார் சூப்பர்வைசர்.

நம்பகமான கை என்றதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். சரி என்றுவிட்டார்.

பொடி அறை குளிர்சாதனம் போட்ட, ஜன்னல் இல்லாத அறை. ஒரு மூட்டை மாவுக்கு ஒரு சின்ன டப்பா மருந்து. அந்த டப்பாவைத் திறந்து, கட்டி தட்டியிருந்தால் உடைத்து, சுத்த மருந்தையே முதலில் தனியாகச் சலிக்க வேண்டும். தூசியை இழுக்கும் குழாய் ஒன்று மேலே இருந்தது. மோட்டார் பழுதாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. "பார்ட் வரணும்" என்றார்கள். முகத்துக்குத் துணி முகமூடி. வேலை முடிந்து கழற்றினால் புருவத்திலும் கழுத்து மடிப்பிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். உதட்டை நக்கினால் லேசாக இனிக்கும். மாவில் கலக்கும் பால் சர்க்கரை அது. வேலை உடுப்பைத் துவைக்கும் இயந்திரமும் அப்போது ஓடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை பையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஐந்தாவது மாதத்தில் அது ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் சோப்புப் போடும்போது இடது மார்புக் காம்பு வலித்தது. எதிலாவது இடித்துக்கொண்டிருப்போம் என்று விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் வலதும் வலித்தது. காம்புக்கு அடியில் கொட்டைப்பாக்கு மாதிரி ஏதோ உருண்டது. பிறகு இரண்டும் மெல்ல மெல்ல மேடு தட்டின. குப்புறப் படுக்க முடியவில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் யாராவது தோளால் இடித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூச்சுக் காட்டாமல் ஜன்னலைப் பார்ப்பார்.

ஒரு பனியனுக்கு மேல் இன்னொன்று போட்டார். வெளிர் நிறச் சட்டைகளை ஒதுக்கினார். குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வருகிறவர், குளியலறையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மனைவி கிட்டே வந்தால் "அசதியா இருக்கு" என்று திரும்பிப் படுத்தார். அசதி உண்மைதான். எதிலும் நாட்டமே இல்லாமல் போய்விட்டிருந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள் ஒரு நாள், "அப்பா எதுக்கு எப்பவும் குனிஞ்சே நடக்கறாங்க?" என்று அம்மாவிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது.

மனைவியின் அண்ணன் வேன் ஓட்டுகிறவர், வாய் ஓயாத ஆள். வீட்டுக்கு வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு இப்பதான் உடம்பு பிடிக்குது. என் தங்கச்சி சமையலுக்குப் பதினாறு வருஷம் கழிச்சுப் பலன் தெரியுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்று முதல் வீட்டில் சாப்பாட்டைக் குறைத்தார். முகம் ஒடுங்கியதே தவிர மார்பு குறையவில்லை.

கடைசியில் யாருக்கும் தெரியாமல் இரண்டு பஸ் மாறிப் போய், தன்னை அறிந்தவர் யாருமில்லாத பகுதியில் ஒரு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் இளம் வயதுப் பெண். அதைப் பார்த்ததும் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். டாக்டர் அமைதியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏதாவது மாத்திரை, மருந்து சாப்பிடறீங்களா? உடம்பு ஏத்தறதுக்குப் பவுடர், ஊசி அந்த மாதிரி?"

"தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டேன் டாக்டர்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

அந்த இடத்தில் அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பெண்களுக்கான மாத்திரை செய்கிற இடம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. சொன்னால் அந்த டாக்டர் சிரித்துவிடுவார் என்று தோன்றியது.

"மாவு மில்லு" என்றார்.

ரத்தத்தில் பெண் ஹார்மோன் அளவு ஏறியிருந்தது. அது ஏன் ஏறியது என்று தெரியாததால் டாக்டர் ஒவ்வொன்றாகத் தேடினார். கல்லீரலுக்கு ஒரு ஸ்கேன், விதைப்பைக்கு ஒரு ஸ்கேன், தலைக்கு ஒன்று. "சில சமயம் எங்கேயாவது கட்டி இருந்தா இப்படி ஆகும்" என்றார். கட்டி என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் மூன்று மாதம் சாவுக்குத் தயாரானார். எந்த ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

அவருக்கு நிஜமாகவே காரணம் தெரியாதா என்றால், தெரியும். பொடி அறையில் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒன்று முண்டும். அதை வெளியே வரவிடாமல் அமுக்கிக்கொண்டே டப்பாவைக் கவிழ்ப்பார். சொன்னால் சிரிப்பார்கள், வேலையும் போகும். அதற்குக் கட்டியே தேவலாம் என்று இருந்தது.

இதே சமயத்தில் அவர் மனைவிக்கும் உடம்பு சரியில்லாமல் போனது. மாதவிலக்கு தாறுமாறாக வந்தது. பதினைந்து நாள் நிற்காது, பிறகு ஐந்து நாளில் திரும்ப வரும். முகம் வெளுத்துவிட்டது. கிளினிக்கில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். அவள் பார்த்த பெண்கள் நல மருத்துவர் முதலில் இரும்புச் சத்து கொடுத்தார், பிறகு வேறு மாத்திரை. "இதுலயும் நிக்கலைன்னா கர்ப்பப்பையை எடுத்துடறது நல்லது" என்று சொல்லி அனுப்பினார். அவள் அதை வீட்டில் வந்து சொன்னபோது அவர் ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசினார். தன் உடம்பையும் அவள் உடம்பையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. இந்த ஒன்று அவருக்கு நிஜமாகவே தோன்றவில்லை.

ஒரு காலை நேரம். மகள் பள்ளிக்குப் போய்விட்டாள். மனைவி சமையலறை மேசையருகே நின்று, ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் மறு கையில் மாத்திரை அட்டையுமாக இருந்தாள். அட்டையை அழுத்தி ஒன்றைப் பிதுக்கினாள். அது கைதவறி மேசையில் உருண்டு அவர் முன்னால் வந்து நின்றது.

சின்ன வெள்ளை மாத்திரை. நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு மேல் ஒரு புள்ளி. அரை மணிக்கு ஒரு முறை பத்து பத்தாக எடுத்து எடை போட்டுப் பார்த்த மாத்திரை. அட்டையை வாங்கித் திருப்பினார். பின்னால் அச்சடித்திருந்த தயாரிப்பு எண்ணைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கலவைத் தாளில் கையெழுத்துப் போட்டது அவர்தான்.

"இது எங்க பொடி" என்றார்.

"அப்படியா? அப்ப நல்லா பண்ணியிருப்பீங்க" என்று அவள் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். மேல் பனியனைக் கழற்றினார், உள் பனியனையும் கழற்றினார். பத்து மாதமாக மறைத்ததைக் காலை வெளிச்சத்தில் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கிட்டே வந்து விரல் நுனியால் தொட்டாள். "வலிக்குதா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவள் கண் நிறைந்தது. ஆனால் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டாக்டரிடம் போனது முதல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பொடி அறையைப் பற்றி, முகமூடியைப் பற்றி, தூசிக் குழாயைப் பற்றிக் கேட்டாள். கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"உங்க வேலைத் துணியை வீட்டுல யாரு துவைக்கறா?"

"நீதான்."

"துவைக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவேன் தெரியுமா? பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு நல்லா உதறுவேன். தரையெல்லாம் வெள்ளையா விழும். மாவுதானேன்னு நினைச்சேன்."



"கர்ப்பப்பையை எடுக்கணும்னு வந்து சொன்னேனே," என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "அன்னிக்காவது வாயைத் திறந்திருக்கலாம் இல்ல?"

"எனக்குத் தோணலம்மா. சத்தியமா தோணல."

"உங்களுக்கு வெக்கம். அதைக் காப்பாத்தறதுலயே இருந்துட்டீங்க. பக்கத்துல இருக்கறவ தெரியல."

அன்று அவள் கிளினிக்குக்குப் போகவில்லை. அவரையும் வேலைக்குப் போகவிடவில்லை. இருவரும் அவளுடைய பெண்கள் நல மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர் கேட்டுவிட்டு நீண்ட நேரம் எழுதினார். "துணியில வந்ததாலதான் இப்படி ஆச்சுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா முதல்ல அதை நிறுத்துங்க. ஆபரேஷன் பேச்சு இப்ப வேண்டாம்" என்றார். அந்தப் பொடியைச் சுவாசித்தாலும், தோலில் பட்டாலும், உதட்டில் ஒட்டி உள்ளே போனாலும் விழுங்கியது போலத்தான் என்று அவருக்கு விளக்கினார்.

மறுநாள் சல்லடை ஒரு காரியம் செய்தார். தனக்கு முன்னால் பொடி அறையில் இருந்தவரைத் தேடிப் போனார். சொந்தக் கடை என்பது பொய்யில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். இவரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார்.

"எத்தனை மாசமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"பத்து."

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பக்கமும் வளைவாக வெட்டித் தைத்த தழும்பு.

"வெளியூர் போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். வீட்டுல கொழுப்புக் கட்டின்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அதுதான் நினைச்சிட்டிருக்காங்க."

"சூப்பர்வைசருக்குத் தெரியுமா?"

"தெரியாது. யார்கிட்டயும் சொல்லல. உங்களை அங்க போட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். போன் பண்ணலாம்னு நாலு தடவை எடுத்தேன்." அவர் காகிதக் கட்டைச் சும்மா அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். "என்னன்னு சொல்றது? எப்படி ஆரம்பிக்கறது? நான் சொல்லியிருந்தா நீங்க உள்ள போயிருக்க மாட்டீங்க."

அவர்மேல் கோபம் வரும் என்றுதான் சல்லடை போனார். வரவில்லை. அந்த மனிதர் செய்ததையேதான் தானும் பத்து மாதமாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. தனக்கு அப்புறம் அந்த அறைக்குள் போகப்போகிறவன் யார் என்று யோசித்தார்.

அடுத்த நாள் வேலைக்குப் போனார். உடை மாற்றும் அறையில் அந்தக் கட்டடத்து ஆண்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவர் இரண்டு பனியனையும் கழற்றிவிட்டு, "கொஞ்சம் இங்க பாருங்க" என்றார்.

ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இயந்திரம் பழுது பார்க்கிற தடித்த ஆள் ஒருவர் உண்டு. பானை என்று பெயர். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எனக்கும் இருக்கு" என்றார். "நான் தொப்பை மாதிரி இதுவும்னு நினைச்சேன். தொட்டா உயிர் போவுது."

ஆண்களிடம் அவர் சொல்லிவிட்டார். பக்கத்து அறையில் ஏழு பெண்கள் உட்கார்ந்து, உடைந்த மாத்திரைகளைக் கையால் பொறுக்கிவிட்டு அட்டையில் அடைக்கும் வேலை செய்தார்கள். அவர்களிடம் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவிக்குத் தெரிந்தது. சாயங்காலம் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில், டாக்டர் எழுதித் தந்த காகிதத்தோடு போய் நின்றாள். பெண்கள் இறங்கியதும், "ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்று தன் கதையை முதலில் சொன்னாள். கேட்டவர்களில் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துத் தனித்தனியாக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி, தங்கள் தொழிற்சாலை மாத்திரையையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுவிட்டு நடந்து போய்விட்டாள்.

பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதினார்கள். ஆய்வாளர்கள் வந்தார்கள். காற்றை உறிஞ்சும் கருவி வைத்து அளந்தார்கள், எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். சின்னக் கட்டடத்தை இரண்டு மாதம் மூடினார்கள். அந்த இரண்டு மாதமும் பலருக்கு ஷிப்ட் இல்லாமல் போனது. பெரிய கூடத்து ஆட்கள் சிலர் அவர் காதுபட, "சும்மா இருந்திருக்கலாம். இவரு உடம்பைக் காட்டி எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டாரு" என்றார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேசையில் இடம் இருந்தும் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள்.

கட்டடம் திறந்தபோது தூசிக் குழாய் புதிதாக இருந்தது. தலையை மூடி, வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் உடுப்பு வந்தது. துணியை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். பொடி அறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றினார்கள். சல்லடையைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் வணக்கம் சொல்வதோடு சரி.

மனைவிக்கு நான்காவது மாதம் உதிரப்போக்கு ஒழுங்குக்கு வந்தது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. அவருக்கு இடப்பக்கம் மெல்ல அடங்கியது. வலப்பக்கம் உருண்டை அப்படியே தங்கிவிட்டது. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் பேச்சு திரும்பியது. ஆனாலும் அவர் ஏதாவது யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "என்ன, சொல்லிடுங்க" என்று அவள் உடனே கேட்டாள். அந்தக் கேள்வியில் பரிவு பாதி, நம்பாமை பாதி இருந்தது. அவர் அதைச் சகித்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் அட்டைப் பெட்டிகள் வாங்கக் கிடங்குக்கு வந்தாள். முப்பத்தாறு வயது இருக்கும். பெட்டிகளை எண்ணிக் கொடுத்தார். அவள் எடுக்காமல் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

வலி ஆரம்பித்த நாளைச் சொல்லலாம், மனைவி மாத்திரை போட்ட காலையைச் சொல்லலாம். அவர் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

"அன்னிக்கு உடை மாத்தற ரூம்ல சொன்னேன் இல்ல? அதுக்கு ஒரு அஞ்சாறு மாசம் முன்னாடியே உள்ளுக்குள்ள தெரியும். ஒத்துக்கல."

அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது.

"எனக்கு ஆபரேஷன் ஆனது நீங்க சொல்றதுக்கு ஆறு வாரம் முன்னாடி," என்றாள். "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. நிக்கவே இல்லண்ணே, அதான். ரெண்டாவது குழந்தை வேணும்னு நினைச்சிட்டிருந்தோம்."



"இதனாலதான்னு டாக்டர் சொன்னாங்களாம்மா?"

"சொல்லல. போய்க் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னாங்க. எழுதித் தர மாட்டேன்னுட்டாங்க." அவள் பெட்டிக் கட்டின் கயிற்றை இறுக்கினாள். "எழுதிக் குடுத்திருந்தா உங்க மேல கோவமாவது பட்டிருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்ல."

"பட்டுக்கோம்மா" என்றார் அவர்.

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து, கட்டைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தாள். இரண்டாவது கட்டை அவர் தூக்கி வைக்கப் போனபோது, "நானே வெச்சுக்கறேன்" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். "நான் போய்ப் பாக்கவா?" என்றாள். "போனா என்ன சொல்லுவ?" என்றார் அவர். அவள் திரும்ப அரிசியைக் களைந்தாள்.

அந்தப் பெண் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பெட்டி வாங்க வருகிறாள். "எத்தனை?" என்று அவர் கேட்கிறார். அவள் எண்ணைச் சொல்கிறாள். வண்டி கதவைத் தாண்டும்வரை அவர் நின்றுகொண்டே இருக்கிறார்.